நாலு அடிக்குக் குறையாமல்

என் கணவருக்கு மீன் மேல் ஆசை வந்ததற்குக் காரணம் ஒரு விமானம் லேட்டாக வந்ததுதான். அவர் சொந்தக் கார் ஓட்டுகிறவர். ரமணாசிரமம் பக்கம் தங்க வருகிற வெளிநாட்டுக்காரர்களைச் சென்னை ஏர்போர்ட்டிலிருந்து கூட்டி வருவதும் திரும்பக் கொண்டுபோய் விடுவதும்தான் பெரும்பாலும் வேலை. அன்றைக்கு வரவேண்டிய விமானம் சாயங்காலம்தான் வரும் என்றுவிட்டார்கள். பார்க்கிங்கில் ஒரு தூக்கம் போட்டு எழுந்தும் பொழுது போகவில்லை. பக்கத்து வண்டி டிரைவர் கொளத்தூருக்கு வண்ணமீன் வாங்கப் போகிறேன் என்றதும் இவரும் அந்த வண்டியிலேயே ஏறிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் போனை என்னிடம் நீட்டினார். வீடியோவில் தட்டைத் தட்டையாக, வட்ட வட்டமாக மீன்கள். ஆரஞ்சு, நீலம், வெள்ளையில் சிவப்புக் கோடு. எதற்கும் அவசரமில்லாதவை மாதிரி, ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பின.

"டிஸ்கஸ்னு பேரு. பாரு, தட்டு மாதிரியே இருக்குது. கை வெச்சா கை கிட்ட வருதாம். ஒரு சின்ன தொட்டி வாங்கி ரெண்டு விட்டுடலாம்."

"சின்னதுன்னா எவ்ளோ சின்னது?"

அவர் கைகளை விரித்துக் காட்டினார். அதில் ஒரு டிபன் கேரியர் படுத்த வாக்கில் கொள்ளும்.

நான் ஒரு தனியார் பள்ளியில் கெமிஸ்ட்ரி டீச்சர். எதையும் அளக்காமல் எனக்கு வராது. சாம்பாருக்கு உப்பைக்கூட ஸ்பூனில் தலை தட்டித்தான் போடுவேன். அவர் நேர் எதிர். சாவியைத் தூக்கிப் போட்டுப் பிடித்துக்கொண்டே பேசுகிறவர், எல்லாம் சுமாராக இருந்தால் போதும் என்பவர். கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியும் நாங்கள் ஒழுங்காகச் சண்டை போட்டுக்கொண்டதில்லை, சண்டைக்கு எதை அளவாக வைத்துக்கொள்வது என்பதிலேயே ஒத்துப்போகாததால் இருக்கலாம்.

அந்த வாரமே அவர் செங்கம் ரோட்டில் ஒரு மீன் கடைக்குப் போய் இரண்டு அடித் தொட்டிக்கு விலை கேட்டுவிட்டு வந்தார். கடைக்காரர் தாராளமாகச் சொல்லியிருக்கிறார்: ரெண்டு அடி போதும், ரெண்டு டிஸ்கஸ் விடலாம், பிரிட்ஜ் மேலேயே வைத்துக்கொள்ளலாம்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. அன்று பரீட்சைப் பேப்பர் திருத்துவதை மூடி வைத்துவிட்டு இந்த மீனைப் பற்றி வீடியோக்களும் கட்டுரைகளுமாகத் தேடிப் பார்த்தேன். கடையில் காட்டுவதெல்லாம் குஞ்சு. ஒரு வருஷத்தில் அது சின்னத் தோசை அளவுக்கு வந்துவிடும். அதைவிட முக்கியமாக, இது தனியாக வாழ்கிற மீன் இல்லை, கூட்டமாக இருந்தால்தான் தைரியம். இரண்டை மட்டும் விட்டால் ஒன்று இன்னொன்றைத் துரத்தித் துரத்திச் சாப்பிடவிடாமல் செய்துவிடும். ஐந்தாறு இருந்தால் அந்த வம்பு எல்லோருக்கும் பங்காகப் பிரிந்து, யாரும் சாகமாட்டார்கள். ஒரு வளர்ந்த மீனுக்கு நாற்பது லிட்டர் தண்ணீராவது வேண்டும். ஆறு மீன் என்றால் இருநூற்று நாற்பது.

பிரிட்ஜ் மேல் வைக்கச் சொன்ன தொட்டியைக் கணக்குப் போட்டேன். விளிம்பு வரை ஊற்றினாலும் அறுபது லிட்டர் பிடிக்காது.

"நாலு அடி நீளம்," என்றேன். "அதுக்குக் கம்மி வேணாம். அகலம் ஒன்றரை அடி. அது திரும்பறதுக்கு இடம் வேணும் இல்ல?"

"உசரம்?"

உயரத்தில்தான் மாட்டிக்கொண்டேன். மேலும் கீழும் அகன்ற மீன், அதனால் தொட்டி உயரமாக இருப்பது நல்லது. ஆனால் சுத்தம் செய்ய அடி வரைக்கும் கை போகவேண்டும். பாத்ரூமில் இருந்த தண்ணீர் டிரம்மில் தோள் வரைக்கும் கையை விட்டு, நனைந்த இடத்தில் டேப்பை வைத்துப் பார்த்தேன். புடவை ஜாக்கெட்டெல்லாம் ஈரம். இருபத்தோரு அங்குலம் வந்தது. அதுதான் உயரம் என்று முடிவு செய்தேன்.

அவர் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். "சரி, நாலு அடி," என்றார். அவ்வளவுதான். அப்படிச் சட்டென்று ஒத்துக்கொண்டது எனக்கே ஆச்சரியம்.

அளவு தெரிந்துவிட்டது, இடம்தான் தெரியவில்லை. எங்கள் வாடகை வீடு மாடியில். ஹாலில் சோபா, டிவி, அவருடைய ஹெல்மெட்டுக்கென்று ஒரு நாற்காலி. மறுநாள் காலை கோலமாவு எடுத்து வந்து, ஜன்னல் பக்கத்துச் சுவரை ஒட்டித் தரையில் நாலு அடிக்கு ஒன்றரை அடியாக ஒரு கட்டம் போட்டேன். கொஞ்ச நாள் அங்கே தொட்டி இருப்பதாகவே நினைத்துக்கொண்டு நடமாடிப் பார்ப்போம் என்று சொன்னேன். யார் இடித்துக்கொள்கிறார்கள், எந்த நேரத்தில் வெயில் அங்கே விழுகிறது, பிளக் எட்டுகிறதா என்றெல்லாம் அப்போதுதான் தெரியும்.

அவர் முதல் நாளே காபி டம்ளரோடு கட்டத்துக்குள் நின்று போன் பேசிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, தண்ணிக்குள்ள நிக்கறீங்க."

அவர் கீழே பார்த்துவிட்டு, பேச்சை நிறுத்தாமலே காலைத் தூக்கி வெளியே வந்தார். அதற்குப் பிறகு ஒருதரம்கூட மிதிக்கவில்லை. பெருக்க வந்த நான்தான் இரண்டு முறை அழித்துத் திரும்பப் போடவேண்டியதாயிற்று.

சோபாவை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இழுத்துப் பார்த்த சத்தம் கீழே கேட்டிருக்க வேண்டும். எங்கள் வீட்டுக்காரம்மா கீழ் வீட்டில் தனியாக இருக்கிறார். தபால் ஆபீசில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். மகன் குடும்பத்தோடு பெங்களூரில். அந்த அம்மா அதிகம் மாடி ஏறமாட்டார், முழங்கால் வலி. அன்றைக்கு ஏறி வந்தார். மூச்சு வாங்கிக்கொண்டே கோலமாவுக் கட்டத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"இன்னா டீச்சர் இது, ஏதாவது பூஜையா?"

"இல்லம்மா. மீன் தொட்டி வெக்கலாம்னு."

"இவ்ளோ பெருசா? எத்தினி தண்ணி புடிக்கும்?"

எனக்குப் பொய் சொல்ல வராது, அதிலும் எண்ணில் வரவே வராது. தண்ணீர் மட்டுமே இருநூற்று எழுபது லிட்டருக்குப் பக்கம், கண்ணாடி, இரும்பு ஸ்டாண்டு எல்லாம் சேர்த்தால் நானூறு கிலோவை நெருங்கும் என்றேன். ஆறு பெரிய ஆள் எந்நேரமும் ஒரே மூலையில் உட்கார்ந்திருக்கிற மாதிரி என்று விளக்கமும் கொடுத்தேன். வகுப்பில் அப்படி உதாரணம் சொன்னால் பிள்ளைகளுக்குப் புரியும். இங்கேயும் நன்றாகவே புரிந்துவிட்டது.

"அதுக்கு நேர் கீழ என் கட்டில் இருக்குது," என்றார் அவர். "என் தலைக்கு மேல ஏரி கட்டப் பாக்கறீங்களே."

"சுவத்தை ஒட்டிதாம்மா வெப்போம், பீம் இருக்கு, தாங்கும்…"

"தாங்கும்னு நீங்க சொல்றீங்க. படுக்கப் போறது நானு. வேணாம் கண்ணு. சின்னதா ஒரு கிண்ணத்துல வெச்சிக்கோங்க, நான் ஒன்னும் சொல்ல மாட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. போகும்போது என் தோளைத் தட்டிவிட்டுத்தான் போனார். அதனால் எதிர்த்துப் பேசவும் முடியவில்லை.

இரவு என் கணவரிடம் சொன்னேன். மூன்று அடியாகக் குறைத்துக்கொள்ளலாமே, ஒரு நாலு மீன் விடலாமே என்றார். நாலு மீன் விட்டாலும் பெரிதாகும்போது நெருக்கம், தண்ணீர் சீக்கிரம் கெடும், பார்க்கப் பாவமாக இருக்கும் என்றேன். "அப்ப மீனே வேணாம்னு சொல்லு," என்றார். "ஆமா, வேணாம்," என்றேன். ஈரத்துணியால் தரையைத் துடைத்துவிட்டேன். அன்று சாப்பாட்டின்போது இரண்டு பேரும் ரசத்தைப் பற்றி மட்டும் பேசினோம்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஒரு பௌர்ணமி நாள். பள்ளிக்கூடம் அரை நாள் லீவ், கிரிவலக் கூட்டத்தில் ஊருக்குள் எந்த வண்டியும் நுழையாது. என் கணவர் யாரையோ கூட்டிக்கொண்டு பாண்டிச்சேரி போயிருந்தார். புது நம்பரிலிருந்து எனக்கு ஒரு போன்.

"மேடம், சார் போன் எடுக்க மாட்டேங்கறாரு. உங்க நம்பரும் குடுத்திருக்காங்க. செஞ்சி தாண்டிட்டேன். எங்க எறக்கறது?"

"என்னது?"

"தொட்டி மேடம். நாலு அடி, ஒன்றரை, இருபத்தொன்னு. ஸ்டாண்டும் இருக்குது."

அது என் அளவு. அந்த இருபத்தொன்று என் கையிலிருந்து தோளுக்கு அளந்தது. யாரோ முன்பின் தெரியாத டெம்போ டிரைவர் செஞ்சி ரோட்டிலிருந்து அதை ஒப்பிக்கிறார்.

டிரைவரோ அவசரப்பட்டார். பௌர்ணமி என்று அவருக்குத் தெரியாது. போலீஸ் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடும், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வெயிலில் நிற்க முடியாது. வழியில் கீழ்பென்னாத்தூரில் என் நாத்தனார் வீடு இருக்கிறது, என் கணவருக்கு அக்கா. அங்கே இறக்கச் சொல்லிவிட்டு நாத்தனாருக்குப் போன் போட்டேன்.

அவர்கள் வீட்டில் அறுவடை முடிந்து கொட்டகை முழுக்க மல்லாட்டை மூட்டை, வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பேர். இருந்தாலும் அவர் இடம் ஒதுக்கி இறக்கிக்கொண்டார். இறக்கி முடித்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டார்.

"ஏம்மா, கண்ணாடி நல்லா தடியா இருக்குது. இதுல எத்தினி மூட்டை மல்லாட்ட புடிக்கும்?"

"அது மீனுக்கு அண்ணி."

"மீனுக்கா? நான் என் தம்பி கடைசியா உருப்படியா ஏதோ வியாபாரம் ஆரம்பிக்கறான்னு நெனச்சேன்."

என் கணவர் வந்தபோது நான் ஹாலில் உட்கார்ந்திருந்தேன். அவர் போனில் தவறிய அழைப்புகளை ஏற்கனவே பார்த்துவிட்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"எப்ப ஆர்டர் குடுத்தீங்க?"

"நீ நாலு அடின்னு சொன்ன அன்னிக்கே."

"வீட்டுக்காரம்மா வேணாம்னு சொன்னதுக்கு முன்னாடியா?"

"ஆமா. நீ டிரம்ல கைய விட்டு அளந்த இல்ல, அப்பவே கொளத்தூர் கடைக்கு போன் பண்ணி சொல்லிட்டேன். நீ அளந்து சொன்னா அது சரியாதான் இருக்கும். அப்புறம் மூணு அடின்னு கேட்டது சும்மா… அந்த அம்மா சொன்னதால. கேன்சல் பண்ணலாம்னா கடைக்காரரு கண்ணாடி அறுத்துட்டாரு."

சாப்பிட வாங்க என்றேன். அன்றைக்கு ரசத்தைத் தவிர வேறு விஷயங்களும் பேசினோம்.

கூட்டம் கலைந்த பிறகும் தொட்டி கீழ்பென்னாத்தூரிலேயே கிடந்தது. இன்னும் மூட்டை வந்து இறங்குகிறது, வந்து எடுத்துக்கொண்டு போங்கள் என்று அண்ணி மூன்று தரம் போன் செய்துவிட்டார். கொண்டுவந்து கீழே கார் நிறுத்துகிற இடத்தில் வைத்துக்கொண்டு, யாராவது கேட்டால் விற்றுவிடலாம் என்று முடிவு செய்தோம். வேறு வழி தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய நண்பர்கள் இரண்டு பேர் வந்தார்கள், எல்லோருமாக இறக்கினோம்.

வீட்டுக்காரம்மா வெளியே வந்து பார்த்தார். நான் கீழே பார்த்துக்கொண்டேன்.

"விக்கத்தாம்மா போறோம்," என்றார் என் கணவர். "அதுவரைக்கும் இங்க ஓரமா இருக்கட்டும்."

அந்த அம்மா தெருவைப் பார்த்தார். எதிர் வீட்டு கேட்டை ஸ்டம்பாக வைத்துப் பசங்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"இங்க வெச்சா ஒரு பந்துல போயிடும் தம்பி. உள்ள வெய்யுங்க."

அந்த அம்மாவின் ஹாலில் ஒரு சுவர் காலியாக இருந்தது. அங்கே இருந்த பெரிய பீரோவை மகன் பெங்களூருக்கு எடுத்துப் போய்விட்டதால், சுவரில் பீரோ அளவுக்கு மட்டும் பழைய பெயிண்ட் பளிச்சென்று இருந்தது. ஸ்டாண்டை அங்கே வைத்து, அதன் மேல் தொட்டியை வைத்தார்கள். நான் ஒதுங்கி நின்று பார்த்தேன். ஜன்னல் வெயில் நேராக விழவில்லை. பக்கத்திலேயே பிளக். தரைக்குக் கீழே மண்தான், யார் தலையும் இல்லை.

இரண்டு பேர் வந்து தொட்டியைப் பார்த்துவிட்டு, பெரிசு என்று போனார்கள். மூன்றாவதாக ஒருவர் வாங்கிக்கொள்கிறேன் என்று வந்தபோது நான் பள்ளியில் இருந்தேன். சாயங்காலம் வந்ததும் வீட்டுக்காரம்மா வாசலிலேயே நிறுத்தினார்.

"அந்த ஆளை அனுப்பிட்டேன் டீச்சர்."

"ஏம்மா?"

"காலி தொட்டியாவே நல்லா இருக்குது. வர்றவங்கள்லாம் என்னா என்னானு கேக்கறாங்க. இங்கயே இருக்கட்டும். தண்ணி ஊத்துங்க, மீன் விடுங்க. ஆனா தீனி நான்தான் போடுவேன். நாத்தம் வந்தா எடுத்துடணும்."

மேலே போய்ச் சொன்னதும் என் கணவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். முதலில் சிரித்தார். பிறகு கொஞ்சம் யோசித்தார். "அப்ப மீன பாக்கணும்னா நான் காலிங் பெல் அடிக்கணுமா?"

"ஆமா," என்றேன்.

தண்ணீர் விஷயத்திலும் கீழ் வீடுதான் நல்லது. இந்த மீனுக்கு உப்பு, சுண்ணாம்பு கம்மியாக இருக்கிற தண்ணீர் வேண்டும். எங்கள் தெரு போர் தண்ணீரில் டீ போட்டால் மேலே ஏடு படியும். சாத்தனூர் அணைத் தண்ணீர் குழாயில் வரும்போது அந்த அம்மாவின் தரைத்தொட்டிதான் முதலில் நிறையும், மாடிக்கு ஏறுவது மிச்சம்தான். பள்ளி லேபிலிருந்து இல்லை, நானே வாங்கிய டெஸ்ட் பேப்பரில் இரண்டையும் சோதித்துப் பார்த்தேன். குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஒரு நாள் ஆறவிட்டு ஊற்றுவது என்று முடிவானது. சூடு பற்றிக் கவலையே இல்லை. மற்ற ஊர்க்காரர்கள் ஹீட்டர் போட்டுக் கொண்டுவருகிற சூட்டை எங்கள் ஊர் வருஷத்தில் பாதி நாள் சும்மாவே கொடுக்கிறது. மார்கழிக்கு மட்டும் ஒரு ஹீட்டர் வாங்கினோம்.

தண்ணீர் ஊற்றி, பில்டர் ஓடவிட்டு, மீன் இல்லாமலே பல வாரம் வைத்திருந்தோம். கெட்டதைத் தின்னும் நல்ல கிருமிகள் அதில் வளர அவ்வளவு நாள் வேண்டும் என்று வீட்டுக்காரம்மாவுக்கு விளக்கினேன். பால் பாக்கெட் போடுகிறவரிலிருந்து சீட்டுப் போடுகிற பெண்கள் வரை மீன் எங்கே என்று கேட்டார்கள். அவர் எல்லோருக்கும் ஒரே பதில் வைத்திருந்தார். "மீன் வரல இன்னும். தண்ணி பழகிட்டிருக்குது."

கடைசியில் மீன்களைக் கொண்டுவர என் கணவர் சவாரி இல்லாமல் தனியாகவே சென்னை போய் வந்தார். ஏசி போட்டால் மீனுக்கு ஆகாது என்று யாரோ சொன்னதால், நல்ல கோடையில் கண்ணாடியையும் ஏற்றிவிட்டு ஓட்டி வந்திருக்கிறார். கார் கதவைத் திறந்ததும் அனல் அடித்தது. சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது.

"அதுங்க நல்லா இருக்குது," என்றார், தெர்மாகோல் பெட்டியைத் தூக்கிக்கொண்டே. "நான்தான் வெந்துட்டேன்."

ஆறு மீன், ஒவ்வொன்றும் என் உள்ளங்கையில் பாதி. பையோடு தண்ணீரில் மிதக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டோம். நாலு அடித் தொட்டியில் அவை பொத்தான்கள் மாதிரி இருந்தன. நானே ஒரு நிமிஷம் ஆடிப்போய்விட்டேன், ரொம்பப் பெரிதாகச் சொல்லிவிட்டேனோ என்று. ஆறும் கருத்துப்போய்ப் பின்மூலையில் ஒட்டிக்கொண்டன. சாப்பிடவில்லை. அடுத்த நாளும் அப்படியே.

நானும் அவரும் மாறி மாறிக் கீழே போய்ப் பார்த்தோம். மூன்றாவது நாளோ நாலாவது நாளோ போனபோது அந்த வீடு வழக்கத்துக்கு மாறாக அமைதியாக இருந்தது. சாதாரணமாக அந்த அம்மா பார்க்கும் சீரியல் எங்கள் மாடி வரைக்கும் கேட்கும், வசனம் எனக்கே மனப்பாடம். அன்று டிவியில் படம் ஓடுகிறது, சத்தம் இல்லை. அவர் விளக்கையும் அணைத்துவிட்டு, நாற்காலியைத் தள்ளிப் போட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"சத்தத்துக்குப் பயப்படுது டீச்சர்," என்று கிசுகிசுத்தார். "கதை எப்படியும் தெரிஞ்சதுதான்."

அந்த வார முடிவில் ஒன்று வெளியே வந்தது. அதைப் பார்த்து இன்னொன்று. பிறகு தீனியைக் கண்டால் முன்கண்ணாடிக்கு ஓடி வர ஆரம்பித்தன. நிறமும் திரும்பியது. நீலத்தில் ஒன்று ரவுடி. மற்றவற்றை முட்டித் தள்ளும். ஆனால் ஒருத்தரைத் துரத்திக்கொண்டிருக்கும்போதே இன்னொருத்தர் எதிரே வந்துவிடுவதால் அதற்கு எதையும் முழுசாகச் செய்ய முடிவதில்லை. துரத்தப்பட்டது இந்தக் கோடிக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிடும். அதற்கு அந்த நீளம் போதுமானதாக இருந்தது. என் கணவர் அதைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பித் தலையை மட்டும் ஆட்டினார். கல்லூரியில் ரேங்க் வாங்கியபோதுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்ததாக நினைவில்லை.

அவருக்குத்தான் ஒரு குறை. சவாரி முடிந்து நேரம் கழித்து வந்தாலும் ஒருதரம் பார்த்துவிட்டு மேலே வரலாம் என்று கதவைத் தட்டுவார். உள்ளே இருந்து குரல் வரும்: "தூங்குது தம்பி. காலைல வாங்க." தன்னுடைய மீனைப் பார்க்க நேரம் கேட்டு நிற்க வேண்டியிருக்கிறதே என்று சில நாள் முணுமுணுத்தார். அப்புறம் காலை காபியைக் கீழேயே குடிக்கப் பழகிவிட்டார். முதலில் டம்ளரை மேலிருந்து எடுத்துக்கொண்டு போவார், இப்போது அதுவும் இல்லை, அந்த அம்மாவே போட்டுத் தருகிறார். சர்க்கரை ஜாஸ்தி. நான் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

இப்போது ஆறும் வளர்ந்துவிட்டன. தொட்டியில் அதிகமாக இடம் இருக்கிறது என்று யாரும் சொல்லமுடியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தண்ணீர் மாற்றுகிறோம். அவர் டியூபை வாயில் வைத்து உறிஞ்சிக் கீழே விடுவார், நான் தோள் வரைக்கும் கையை விட்டு அடியைத் துடைப்பேன், வீட்டுக்காரம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு டியூபின் மறுமுனையைக் காம்பவுண்டு ஓரத்து வாழைக்குக் காட்டுவார். போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, வாழைக்கு என்ன உரம் போடறீங்க என்று கேட்டார். அந்த அம்மா டியூபைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"ஒன்னும் இல்லீங்க," என்றார். "தண்ணிதான்."

பிறகு என்னிடம் திரும்பி, போதும், பாதிக்கு வந்துடுச்சு, நிறுத்தச் சொல்லுங்க டீச்சர் என்றார். என் கணவர் டியூபை மடித்துப் பிடித்துக்கொண்டார். நான் ஆறவைத்திருந்த தண்ணீரை எடுக்கப் போனேன்.